நெஞ்சுக்குள் ஒரு வேக்குவம்

கேஜ் அக்கா ஏணியிலிருந்து விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குக் கோபம் வரும். விழுந்துவிட்டாள் என்றுதான் தெருவில் ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட ‘உயரத்திலிருந்து விழுந்ததால்’ என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். நெஞ்சில் குழாய் சொருகிக் கிடந்த நிலையிலும் அவள் அந்தச் சீட்டை வாங்கிப் படித்து, “இதை அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க சிஸ்டர்” என்றாள்.

“மாத்தி என்னன்னும்மா எழுதறது?”

“ஏசி அவ மேல விழுந்துச்சுன்னு எழுதுங்க.”

நடந்தது அதுதான். ஒரு வீட்டின் இரண்டாம் மாடிச் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டியைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டம் துருப்பிடித்து, ஒரு பக்கத்துப் போல்ட் கையோடு வந்துவிட்டது. பெட்டியின் மூலை அவளுடைய இடது விலாவில் வந்து இடித்தது. கையை விட்டிருந்தால் பெட்டி கீழே போயிருக்கும். கீழே ஏணியைப் பிடித்தபடி அவள் தம்பி நின்றிருந்தான். ஆகவே அவள் கையை விடவில்லை. தம்பி மாடிக்கு ஓடி ஜன்னல் வழியாகக் கயிறு போட்டுக் கட்டும்வரை தோளை முட்டுக் கொடுத்து அப்படியே நின்றாள். பிறகு ஒவ்வொரு படியாகத் தானே இறங்கித் தரையில் கால் வைத்தாள். “போல்ட்டைப் பார்க்காம நீ என்னத்தடா பார்த்தே?” என்று திட்ட வாயைத் திறந்தபோதுதான், திட்டுவதற்கு மூச்சு இல்லை என்று தெரிந்தது.

இருபத்துமூன்று வருடத் தொழில் அது. அதற்கு முன்னால் ஒரு சர்வீஸ் கம்பெனியில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். ‘கூலிங் வரலை’, ‘தண்ணி சொட்டுது’, ‘கடகடன்னு சத்தம்’ என்று நாள் முழுக்கக் காதில் விழுந்து விழுந்து, எந்தச் சத்தத்துக்கு எந்த நோய் என்று அவளுக்குப் பிடிபட்டுப்போயிற்று. “பில்டரைக் கழட்டிக் கழுவுங்க, சரியாயிடும்” என்று போனிலேயே பாதிப் பேரைக் குணப்படுத்தினாள். மெக்கானிக்குகள் போய் முறையிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு, “போன் எடுக்கிறதுதான் உன் வேலை. அதை மட்டும் பாரு” என்றார். அவர் அறையைவிட்டு வெளியே வந்தபோது மேஜையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான், தொழிலை முறையாகப் படித்து, தம்பியையும் சேர்த்துக்கொண்டு ஒற்றை ஷட்டர் கடை போட்டாள். கதவைத் திறக்கிறவர்கள் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து மெக்கானிக்கைத் தேடுவார்கள். “பின்னாடி யாருமில்லைங்க, இவ்வளவுதான் நாங்க” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள். அழுத்தம் பார்க்கும் இரட்டை மீட்டரைச் சிவப்பும் நீலமுமான குழாய்களோடு கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவதால் அவள் கேஜ் அக்கா.

இப்போது அவள் விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி, கட்டிலுக்குக் கீழே தரையில் இருந்த பாட்டிலுக்குள் போயிற்று. பெரிய டாக்டர் முதல்நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

“எலும்பு குத்தி நுரையீரல்ல ஓட்டை விழுந்திருக்கு. காத்து கசிஞ்சு நெஞ்சுக்கூட்டுக்குள்ள தேங்கி நிக்குது, அதனால நுரையீரல் சுருங்கிடுச்சு. அந்தக் காத்தை இந்தக் குழாய் வழியா வெளியே விட்டா அது தானா விரியும், ஓட்டையும் மூடிக்கும். அஞ்சு நாள் பார்ப்போம். மூடலைன்னா ஆபரேஷன். ஆபரேஷன்னு ஆயிட்டா, ஏணி ஏறி வெயிட் தூக்கற வேலைக்கெல்லாம் நான் எழுதிக் குடுக்க மாட்டேன்.”

தம்பி இதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டான். அக்காவை அப்படி நிறுத்திவைத்துத் தான் பிழைத்தது அவனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. “அதான்க்கா சரி. இனிமே ஏறற வேலையெல்லாம் எனக்கு. நீ ஜம்முனு கடையில உக்காந்து போனை எடு.”

“என்னத்தை எடு?”

“போனை...”

“எந்திரிச்சுப் போடா.”

ஐந்து நாள். அதற்குள் ஓட்டை மூட வேண்டும். கசிவு கண்டுபிடித்துக் கசிவு அடைத்தே சோறு தின்றவளுக்கு, சொந்த நெஞ்சின் கசிவைப் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பது போன்ற அவமானம் வேறில்லை. கட்டில் ஓரமாகச் சரிந்து பாட்டிலையே பார்க்கத் தொடங்கினாள்.

சாதாரண ஏற்பாடுதான். அடியில் தண்ணீர். மூடியில் இரண்டு குழாய்கள். நெஞ்சிலிருந்து வரும் நீளக் குழாயின் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை முங்கியிருந்தது. இன்னொன்று குட்டைக் குழாய், மூடிக்கு மேலே வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றது. அவள் இருமினால் நீளக் குழாயின் நுனியில் குபுகுபுவென்று குமிழி வந்தது. கசிவு. கசிவு பார்க்கக் குழாயில் தடவும் சோப்பு நுரையில் வருகிற அதே குமிழி. இதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் வேறிடத்தில் வந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் நீளக் குழாய்க்குள் தண்ணீர் மேலே ஏறியது. வெளியே விட்டால் இறங்கியது. காற்று உள்ளே வந்தால் நெஞ்சு நிரம்பும், நிரம்பினால் அழுத்தம் கூடும், கூடினால் தண்ணீரைக் கீழே அல்லவா தள்ள வேண்டும்? சக்கரத்துக்குக் காற்றடிப்பது போலத்தான் மூச்சு என்று நாற்பத்தாறு வயதுவரை நினைத்திருந்தாள். இந்தத் தண்ணீர் நேர்மாறாகச் சொன்னது.

“சிஸ்டர், நான் இழுக்கிறப்ப தண்ணி எதுக்கு ஏறுது?”

“அது அப்படித்தான் ஏறும். நீங்க தூங்குங்க.”

அப்படித்தான் என்று யாராவது சொன்னால் அவளுக்குத் தூக்கம் வராது. ரத்தம் எடுக்க வந்த பயிற்சி டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் பாட்டிலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பரீட்சையில் எழுதியதை ஞாபகப்படுத்துவது போல் கண்ணை மூடித் திறந்தாள்.

“நுரையீரல் ரப்பர் மாதிரி, எப்பவும் சுருங்கத்தான் பார்க்கும். விலாக்கூடு ஸ்பிரிங் மாதிரி, வெளிப்பக்கமா விரியப் பார்க்கும். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கறதால ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல அழுத்தம் எப்பவுமே வெளிக்காத்தைவிடக் கம்மி.”

“மூச்சு விடறப்பவுமா?”

“சாதாரணமா விடறப்பவும்தான். இருமினா, முக்கினா மட்டும் ஏறும். இழுக்கறப்ப வயித்துக்கு மேல இருக்கற தசை கீழே இறங்கும், விலா விரியும், அந்த இடுக்குல இன்னும் குறையும். நுரையீரலும் கூடவே விரிஞ்சு அதுக்குள்ளயும் அழுத்தம் குறைஞ்சுடும். அதனால வெளிக்காத்து தானா உள்ளே வருது. நாம காத்தை உள்ளே தள்றதில்லைங்க. இடம் பண்ணிக் குடுக்கறோம், அவ்வளவுதான்.”

கேஜ் அக்கா பாட்டிலைப் பார்த்தபடி ஒரு மூச்சை இழுத்து விட்டாள். “அப்போ என் நெஞ்சுக்குள்ள வேக்குவம் ஓடிக்கிட்டிருக்கு.”

“முழு வேக்குவம் இல்லை. ஜீரோவுக்குக் கொஞ்சம் கீழே. தண்ணிக் கணக்குல சும்மா இருக்கறப்ப அஞ்சு சென்டிமீட்டர், இழுக்கறப்ப ஒரு எட்டு.”

“அதுல ஓட்டை விழுந்தா?”

“வேக்குவம் போயிடும். ரப்பரைப் பிடிச்சு நிறுத்த ஆளில்லை, சுருங்கிடும்.”

“இதை முதல்நாளே சொல்லியிருந்தா உங்களுக்கு இவ்வளவு தொந்தரவே குடுத்திருக்க மாட்டேனே தாயி” என்றாள் அக்கா. இருபத்துமூன்று வருடமாக ஊரார் வீட்டு மெஷின்களுக்குப் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தவள், அதைவிட நேர்த்தியான ஒன்றை, சத்தமில்லாத ஒன்றை, சுவிட்சே இல்லாமல் உள்ளே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மூச்சுவிடுவது என்றால் சும்மா இருப்பது என்று யார் சொன்னது? அன்று முதல் பாட்டிலின் மேல் மருந்துப் பிளாஸ்திரி ஒட்டி, தண்ணீர் ஏறும் உயரத்தையும் இறங்கும் உயரத்தையும் பேனாவால் கோடு போட்டாள். சிஸ்டர் கத்தினாள். கோடு அழியாமல் இருந்தது.

தெரிந்துகொண்டதைச் சும்மா வைத்திருக்கவும் அவளால் முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் நிமோனியா வந்து தேறிக்கொண்டிருந்த தையற்கார அம்மாவுக்கு மூச்சுப் பயிற்சிக்காக மூன்று பந்து வைத்த டப்பா ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அந்தம்மா மூன்று நாளாகக் கன்னம் உப்ப அதற்குள் ஊதிக்கொண்டிருந்தாள்.

“பந்து அசையவே மாட்டேங்குது. உடைஞ்சதை என் தலையில கட்டிட்டாங்க.”

“ஊதாதீங்கம்மா, உறிஞ்சுங்க. நீங்க என்ன அடுப்பா பத்த வைக்கறீங்க?”

உறிஞ்சியதும் இரண்டு பந்துகள் டக்கென்று எழும்பின. “அடி ஆத்தி!” என்றாள் அந்தம்மா. பிறகு வார்டில் யார் வந்தாலும் பந்தைத் தூக்கிக் காட்டினாள்.

நான்காம் நாள் காலை குமிழி குறைந்திருந்தது. அஞ்சு இருமலுக்கு மூன்று தடவைதான் வந்தது. அக்காவுக்கு உற்சாகம். வலி ஊசி போட்டதில் பதினோரு மணிக்குக் கண் அசந்தாள். அந்த நேரத்தில் தம்பி வந்து, எழுப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடப் போனதாகப் பிறகு தெரிந்தது.

பன்னிரண்டரைக்கு இருமிக்கொண்டே விழித்தாள். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இழுத்தால் பாதியில் நின்றது. முதலில் பாட்டிலைப் பார்த்தாள். குமிழி இல்லை. தண்ணீர் அவள் போட்ட கோட்டைத் தாண்டி, மூடியையும் தாண்டி, குழாய்க்குள் அவளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இருமினாள். அப்போதும் குமிழி இல்லை. இன்னொரு தரம் இருமினாள். இடதுபக்கம் இன்னும் இறுகியது.

“சிஸ்டர்... கேஜ் தப்பாக் காட்டுது.”

சிஸ்டர் குனிந்து பார்த்தாள். “குமிழியே இல்லையே, ஓட்டை மூடிக்கிச்சு! நல்ல சேதிதானே? எதுக்குப் பதட்டப்படறீங்க? படபடப்புக்கு ஒரு மாத்திரை தரட்டுமா?”

“படபடப்பு இல்லை. மூச்சு இல்லை.”

பயிற்சி டாக்டரம்மா வந்து இடப்பக்கம் ஸ்டெத்தை வைத்தாள். முகம் மாறியது. ஆக்சிஜன் மாட்டி, படுக்கையிலேயே எக்ஸ்ரே எடுத்து, பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“மறுபடியும் சுருங்கிக்கிட்டு வருது. அஞ்சு நாள்வரைக்கும் காத்திருக்க முடியாது. தியேட்டருக்குச் சொல்லுங்க. கையெழுத்து வாங்குங்க.”

பேனாவும் தாளும் அவள் முன்னால் வந்தன. அந்தத் தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாற்காலி, ஒரு போன், இன்னும் இருபது வருடம். பேனாவைத் தள்ளிவிட்டாள்.

“போட மாட்டேன்.”

“இங்க பாருங்கம்மா, வாதாட நேரமில்லை. உயிர் விஷயம்.”

“என்... உயிர்தான்.” இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. “காலையில... நல்லா இருந்துச்சு. லங்ஸ்... திடீர்னு கெடாது. முதல்ல... லைனைப் பாருங்க.”

“எந்த லைன்?”

பதில் சொல்ல மூச்சைச் செலவழிக்கவில்லை. கேஜில் முள் நகராவிட்டால் மெஷின் நன்றாக இருக்கிறது என்று எந்த மடையனும் நம்பலாம். குழாய் அடைத்திருந்தாலும் முள் நகராதுதான். தன்னுடைய விலாவில் ஒரு விரலை வைத்தாள். கட்டுக்கு மேலே, கட்டிலின் ஓரம், தரை என்று குழாயின் வழியே விரலை ஓட்டினாள். எங்கும் மடங்கவில்லை, நசுங்கவில்லை. பாட்டில் மூடி. நீளக் குழாய் சரி. குட்டைக் குழாய்...

குட்டைக் குழாயின் வாயில், ஏசிக் குழாய்களுக்குச் சுற்றுகிற வெள்ளி நிறத் தகடு டேப் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. சுருக்கமில்லாத, அழகான வேலை. பிறகு பிரிக்க வசதியாக நுனியை உள்ளே மடித்துவிட்டிருந்தது. உலகத்தில் அப்படி மடிக்கிற விரல்கள் நான்குதான். அதில் இரண்டு அவளுடையவை.

“அதைப் பிரிங்க” என்றாள்.

பயிற்சி டாக்டரம்மா மண்டியிட்டு டேப்பை இழுத்தாள். உஸ்ஸென்று காற்று பீறிட்டது. மேலே ஏறியிருந்த தண்ணீர் தடாலென்று இறங்கியது. அக்கா இருமினாள், பாட்டில் கொதிப்பது போல் குமிழி கொட்டியது. மறுபடி இருமினாள். நெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் மெல்ல எழுந்துபோனார்.

பிறகு பெரிய டாக்டர் திரும்பினார். “யார் பண்ணது இது?”

சிஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. வார்டு அவள் பொறுப்பு. அவர் பார்வை அவள்மேலேயே நின்றது. தம்பியைக் காட்டிக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் செய்யாத வேலைக்கு ஒரு பெண் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க அக்காவால் முடியவில்லை.

“சிஸ்டரைப் பார்க்காதீங்க. என் தம்பி வேலை அது.”

சாப்பாடு முடித்து அப்போதுதான் வாசலில் வந்து நின்ற தம்பி, கையிலிருந்த பையைக் கீழே போட்டான்.

“நான்தான் சார். பைப் தொறந்து கெடந்துச்சு... எங்க வேலையில தொறந்த பைப்பை ஒரு நிமிஷம் விட மாட்டோம் சார். காத்துல இருக்கற ஈரம் உள்ளே போயி மெஷினே கெட்டுடும். மூடியைத் தொலைச்சுட்டாங்க போலன்னு நெனச்சேன். அக்காவாச்சேன்னு நல்ல டேப்பா வாங்கியாந்து...”

“உள்ளேயிருந்து வர்ற காத்து வெளியே போற வழிய்யா அது!” என்று பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில் தையற்கார அம்மாவின் பந்துகள் கீழே விழுந்தன. “அதை அடைச்சா பாட்டில்ல அழுத்தம் ஏறும். அப்புறம் காத்து எங்கே போகும்? உங்க அக்கா நெஞ்சிலதான் தங்கும்! டேப் ஒட்டறாராம் டேப்பு!”

தம்பி தேம்பித் தேம்பி அழுதான். அக்காவின் காலடியில் உட்கார்ந்து, “நான் ஒரு தரித்திரம்க்கா. அன்னைக்குப் போல்ட்டு, இன்னைக்கு டேப்பு. நீ இனிமே எங்கேயும் ஏற வேண்டாம்க்கா, சத்தியமா சொல்றேன்” என்றான்.

“டேய், தப்புப் பண்ணது நீ. உக்கார வேண்டியது நானா?” மூச்சு திரும்பியிருந்ததால் குரலும் திரும்பியிருந்தது. “வேணும்னா நீ உக்காந்து போனை எடு.” பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். “சார், இன்னைக்கு லங்ஸ் தோத்துப் போகலை. வழியை அடைச்சுட்டாங்க. அதுக்குப் போய் அதைக் கத்தியால வெட்டுவீங்களா? எனக்குச் சேர வேண்டிய நாளைக் குடுங்க.”

டாக்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை. “நாளைக்கு ஒரு படம் எடுங்க. மூணு நாள் பார்ப்போம்” என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் அந்த ஆஸ்பத்திரியிலிருந்த அத்தனை பாட்டில்களின் குட்டைக் குழாயிலும் ‘மூடாதே’ என்று சிஸ்டரின் கையெழுத்தில் ஒரு சீட்டுத் தொங்கியது.

அந்த மூன்று நாளும் அவள் வேலை செய்தாள். படுக்கையில் கிடப்பவளுக்கு என்ன வேலை என்று கேட்டால், தையற்கார அம்மாவின் பந்து டப்பா போல ஒன்றை அடம்பிடித்து வாங்கி, மணிக்கு மணி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். விலா விண்ணென்று தெறிக்கும். தெறித்தால் தெறிக்கட்டும் என்று மறுபடி உறிஞ்சினாள். எழுந்து, பாட்டிலை எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே பிடித்தபடி வராந்தாவில் நடந்தாள். ஐந்தாம் நாள் பத்து இருமலுக்கு நாலு குமிழி. ஆறாம் நாள் ஒன்று. ஏழாம் நாள் காலையில் வேண்டுமென்றே இருபது தடவை இருமினாள். ஒன்றுகூட இல்லை. தண்ணீர் அவள் கோட்டுக்குள்ளேயே லேசாக ஏறி இறங்கியது. அப்படியும் நம்பாமல் பயிற்சி டாக்டரம்மாவை வரவழைத்துக் குழாயையும் பாட்டிலையும் சோதிக்கச் சொன்னாள். எக்ஸ்ரேயில் நுரையீரல் விலா ஓரம்வரை விரிந்து நின்றது.

குழாயை உருவப் பெரிய டாக்டரே வந்தார். “மூச்சை நல்லா இழுத்து, வாயை மூடி முக்கிப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, “எதுக்குன்னு கேக்கலையா?” என்றார்.

“முக்கினா உள்ளே அழுத்தம் ஏறும். அப்ப உருவினா வெளிக்காத்து உள்ளே வராது. இழுக்கறப்ப உருவினீங்கன்னா ஓட்டை வழியா சர்ருன்னு உறிஞ்சிடும், மறுபடியும் முதல்லேர்ந்து.”

“என்னை வேலையை விட்டே அனுப்பிடுவீங்க போலிருக்கே” என்றார் டாக்டர். சிரித்தாரா இல்லையா என்று முகமூடிக்குப் பின்னால் தெரியவில்லை. அவள் இழுத்தாள், பிடித்தாள். விலாவுக்குள் பாம்பு ஓடுவது போல் ஒரு வழுக்கல். அவ்வளவுதான்.

அனுப்பும் சீட்டில் ‘உயரமான இடங்களில் ஏறுவதைத் தவிர்க்கவும்’ என்று இருந்தது. அவள் அதையும் படித்தாள்.

“ஓட்டை அடைஞ்சிருச்சா, இல்லையா சார்?”

“அடைஞ்சிருச்சு.”

“ஆபரேஷன் பண்ணீங்களா?”

“இல்லை.”

“அப்போ தவிர்க்கவும்னா எத்தனை வாரம்? வாரக்கணக்குப் போடுங்க.”

டாக்டர் அவளைப் பார்த்தார், பக்கத்தில் தலைகுனிந்து நின்ற தம்பியைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, வரிக்குப் பக்கத்தில் ‘எட்டு வாரம்’ என்று எழுதினார்.

எட்டு வாரமும் தம்பி ஏறினான், அவள் கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக் கட்டளையிட்டாள். ஒன்பதாம் வாரம் திங்கட்கிழமை காலை, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. தம்பி வழக்கம்போல் முதல் படியில் காலை வைத்தான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இறக்கினாள்.

“அக்கா, இன்னும் ஒரு வாரம் போகட்டுமே...”

“ஏணியைப் பிடி.”

ஆறாவது படியில் விலா சுருக்கென்றது. நின்றாள். தோளைத் தளர்த்தி, வயிற்றை இளக்கி, உள்ளே இடம் பண்ணிக் கொடுத்தாள். காற்று வந்தது, வற்புறுத்தாமல், அடிவரைக்கும்.

“என்னக்கா, நின்னுட்டே? இறங்கறியா?”

“நிக்கக் கூடாதுன்னு எந்த டாக்டர்டா எழுதினாரு? பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை மேல குடு. அப்படியே கீழேயிருந்து அந்தப் பக்கத்துப் போல்ட்டை நல்லாப் பாரு.”